ஆலயமும் அரங்கமும்: இக்காலக் கலைகளுக்கு ஓர் அறிமுகம்

(திருவிழாக் கலை நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவிழா நாள்களில் ஆலயந்தோறும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சுவாமி புறப்பாடு முடிந்து, தீபாராதனை கண்டு, பிரசாதமும் பெற்ற பின்னர் அன்பர்கள் மண்டபத்தில் வந்து அமர்கின்றனர். சலங்கை கட்டிய சிறுமியர் புட்பாஞ்சலி ஆடுகின்றனர். மண்டபமே மகிழ்ந்து கைதட்டுகிறது. அதனையடுத்து வேறொரு குழு மேடையேறுகிறது. தலையில் சூரியபிரபை இல்லை, சந்திரபிரபை இல்லை. பட்டுக்குப் பதிலாகப் பருத்தி உடை. பாட்டும் இல்லை, மிருதங்கத்தின் ஒலி மட்டுமே கேட்கிறது. ஆடுவோர் தரையில் படுத்தும் உருண்டும் மெல்ல எழுந்தும் அசைகின்றனர். அவ்வேளையில் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழும்: “இதுவும் பரதமா? இதற்கும் சாமிக்கும் என்ன தொடர்பு?”

இக்கேள்வி ஏளனத்திற்கு உரியதன்று. ஆலயக் கலைகளின்பால் பற்றுக் கொண்டோர்க்கே இக்கேள்வி தோன்றும். எனவே, “சமகாலக் கலை” என்று இன்று வழங்கப்பெறுவது யாது, அது எங்கிருந்து வந்தது, அதனை எவ்வாறு காண்பது என்பதைச் சற்று விரிவாகவே நோக்குவோம்.

கண்ணால் கண்டு துய்க்கும் ஓவியம், சிற்பம் முதலியவற்றைக் காட்சிக் கலைகள் என்றும், ஒருவரோ பலரோ முன்னின்று நிகழ்த்திக் காட்டும் நடனம், நாடகம், இசை முதலியவற்றை நிகழ்த்து கலைகள் என்றும் அறிஞர் பகுப்பர். இப்பகுப்பு அண்மைக் காலத்தது. ஆலயமோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை. தஞ்சைப் பெருவுடையார் கோயிலே இதற்குச் சான்று.

1010ஆம் ஆண்டில் முதலாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலின் கல்வெட்டு, நாட்டின் பல்வேறு தளிகளிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பெற்ற 400 ஆடல் மகளிரின் பெயர்களை வரிசையாகப் பொறித்து வைத்துள்ளது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, அவ்வீட்டில் இருப்பவள் எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவள் என்ற விவரமெல்லாம் அதிலுண்டு. ஒருத்திக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் உரியன; ஒரு பங்காவது ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்நெல்லை அளந்த மரக்காலின் பெயர் “ஆடவல்லான்”. கூத்தப்பெருமானின் திருப்பெயரையே அளவைக்கும் இட்டு, ஆடுவோர்க்கு அம்மரக்காலாலேயே ஊதியம் அளந்தார்கள்! நட்டுவனாரும் பாடுவோரும் உடுக்கை வாசிப்போரும் தையற்காரரும்கூட அக்கோயிலின் பங்கு பெற்றோர் வரிசையில் இடம்பெற்றனர்.

அதே கோயிலின் மேல்தள உட்சுற்றில், சிவபெருமானே ஆடிக்காட்டுவதாக 108 கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81 கரணங்களை முடித்துள்ளனர். எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் உளி படாமல் இன்றும் வெறுமையாக நிற்கின்றன. ஏன் நின்றுபோயின என்பதை எக்கல்வெட்டும் கூறவில்லை. கீழ்த்தளத்திலோ சோழர் ஓவியங்கள். நாயக்கர் காலத்தில் அவற்றின்மேல் புதுச் சுண்ணம் பூசி வேறு ஓவியங்கள் தீட்டப்பெற்றன. 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி மேற்பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்று நோக்கியபோதுதான் உள்ளே சோழர் வண்ணம் இருப்பது உலகிற்குத் தெரிய வந்தது. பின்னாளில் இந்தியத் தொல்லியல் துறையினர் நாயக்கர் ஓவியங்களில் சிலவற்றைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துத் தனியே காட்சிக்கு வைத்தனர். ஆகவே அங்கே இரண்டும் பிழைத்தன. எல்லாக் கோயில்களுக்கும் அந்நற்பேறு வாய்க்கவில்லை. திருப்பணி என்ற பெயரால் வெள்ளையடிக்கப்பட்ட சுவர்களின் அடியில் எத்தனை ஓவியங்கள் போயினவோ! மணலை வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்யும் முறையால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்தமை பற்றியும் ஆய்வாளர் பலர் வருந்தி எழுதியுள்ளனர்.

“ஆலயத்தில் ஆடியதே கலை, மேடையேறிய பின்னர் அது வெறும் கேளிக்கை” என்று கூறுவாரும் உளர். இக்கூற்று வரலாற்றோடு ஒத்து வருவதன்று. தஞ்சைக் கோயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடியது கோயிலில் அன்று. அரசன் முன்னிலையில் அமைந்த அரங்கில். அவ்வரங்கின் அளவையும் இளங்கோவடிகள் விடாமல் கூறுகின்றார்: 24 விரல் அளவுடைய கோலால் அளந்து, நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள். தூண்களின் நிழல் அவையின்மேல் விழாதவாறு விளக்கு வைக்கும் முறையும் அங்குக் கூறப்படுகிறது. இன்றைய அரங்குகளின் ஒளியமைப்பாளர் கருதும் அதே சிக்கல்! ஆகவே மேடை என்பது நமக்கு அயலிலிருந்து வந்த பொருளன்று.

இனி நடனத்திற்கு வருவோம்.

இன்று நம் பிள்ளைகள் அரங்கேற்றத்தில் ஆடும் வரிசை அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என்பது. இவ்வரிசை பரத முனிவர் வகுத்ததாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இதனை இன்றைய வடிவில் ஒழுங்குபடுத்தியவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தவர்கள். சரபோசி மன்னரின் அவையை அணி செய்த இந்நால்வருள் வடிவேலு பின்னர் திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் அவைக்கும் சென்றார். மேனாட்டு வயலினைக் கருநாடக இசைக்கு ஏற்றதாக வாசித்துக் காட்டிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். ஆக, இன்று “பரம்பரை” என்று நாம் போற்றும் கச்சேரிக்கு வயது ஏறத்தாழ 200 ஆண்டுகளே. அதன் பக்கத்தில் அமர்ந்திருக்கும் வயலினோ கடல் கடந்து வந்த கருவி. “பரதநாட்டியம்” என்ற பெயரும் 1930களில்தான் பரவலாக நிலைபெற்றது. அதற்குமுன் சதிர், சின்னமேளம் என்றே ஊரார் அழைத்தனர்.

அந்தப் பெயர் மாற்றத்தின் பின்னே ஒரு துயரக் கதை உண்டு. ஆலய மலரில் அதனைக் கூறாது விடுவது முறையாகாது.

ஆலயங்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பெற்ற பெண்டிர், மன்னராட்சி மறைந்து மானியங்கள் சுருங்கிய காலத்தில் வறுமையிலும் பிறரின் பிடியிலும் சிக்கினர். அவ்வழக்கத்தை ஒழிக்க அயராது உழைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய அன்னையாரே அக்குலத்தில் பிறந்தவர். 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற அம்மையார் தொடங்கிய போராட்டம், 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டத்தில் நிறைவெய்தியது. சிறுமியரின் வாழ்வைக் காக்கப் பிறந்த சட்டம் அது. அதன் நோக்கத்தில் குறை காண இயலாது. ஆயினும் அவ்வியக்கத்தின் சூட்டில் ஆடலே இழிவானது என்ற எண்ணமும் ஊரெங்கும் பரவியது. வழக்கறிஞர் ஈ. கிருட்டிண ஐயர், ஆடலைக் காக்க வேண்டும் என்று வாதாடியதோடு நில்லாமல், தாமே பெண் வேடமிட்டு ஆடிக் காட்டினார். அவருடைய முயற்சியால் 1931இல் சென்னை மியூசிக் அகாதெமியின் மேடையில் மரபுவழி வந்த மங்கையர் இருவர் ஆடினர். 1935இல் உருக்குமணி தேவி அருண்டேல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாட்சேத்திரம் எழுந்தது.

உருக்குமணி தேவியின் ஆசான் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தஞ்சை நால்வரின் வழித்தோன்றல். கற்றது பழைய பாடம். காட்டிய விதமோ புதிது. ஆடுபவரின் பின்னே நின்றவாறு அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்துவந்த நட்டுவனாரும் வாத்தியக்காரரும் மேடையின் ஓரத்தில் அமர்ந்தனர். கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையும் அணியும் திருத்தப்பெற்றன. மேடையில் நடராசர் திருவுருவை வைத்து ஆடும் வழக்கமும் அவர் காலத்தில் வேரூன்றியதென நாட்டிய வரலாற்றாசிரியர் கூறுவர். இன்று எந்த ஊரில் அரங்கேற்றம் நடந்தாலும் அந்நடராசரை வணங்கித்தானே தொடங்குகின்றனர்? 20ஆம் நூற்றாண்டில் பிறந்த வழக்கம் எத்துணை விரைவில் தொன்மையின் ஒளியைப் பெற்றுவிட்டது, பாருங்கள்.

கலை பிழைத்தது, மதிப்புப் பெற்றது, பல்கலைக்கழகங்களில் ஏறியது. ஆனால் அக்கலையை எத்தனையோ தலைமுறைகளாகத் தம் உடலில் சுமந்து வந்த குடும்பத்துப் பெண்களுள் மிகப் பலர் மேடையிலிருந்து ஒதுங்கிப் பெயர் தெரியாமலே மறைந்தனர். இராசராசன் 400 பெயர்களையும் கல்லில் வெட்டி வைத்தான். 20ஆம் நூற்றாண்டோ அவர்தம் வழிவந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதி வைக்கவும் தயங்கியது. கலையைக் காப்பதாகக் கூறுவோர் கலைஞரைக் காத்தனரா என்ற கேள்விக்கு அக்காலத்துப் பெரியோர் பலரிடம் விடையில்லை.

ஒதுங்காது நின்றவர் தஞ்சாவூர் பாலசரசுவதி. வீணை தனம்மாளின் பேத்தி. கந்தப்ப பிள்ளையிடம் பயின்றவர். 1925இல், ஏழு வயதில், காஞ்சிபுரத்துக் கோயிலில் அவருடைய அரங்கேற்றம் நிகழ்ந்தது. சிருங்காரம் என்ற சுவையை நீக்கிவிட்டால் ஆடலுக்கு உயிரே இல்லை என்பதில் அவர் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. இதில் உருக்குமணி தேவியோடு அவர் கொண்ட கருத்து வேறுபாடு நாடறிந்தது. 1973இல் மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் வழங்கியது. 1976இல் இயக்குநர் சத்தியசித் ராய் அவரைப் பற்றி ஒரு குறும்படமே எடுத்தார். அதில் கடற்கரையில் காற்று வீச வீச அவர் ஆடும் காட்சியைக் கண்டோர் மறவார்.

1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் ஓர் உவமை கூறினார். ஆலய அன்பர்களுக்கு அதனினும் எளிய வழிகாட்டி வேறில்லை. நாட்டியக் கச்சேரி ஒரு பெருங்கோயிலைப் போன்றது என்பது அவர் கருத்து. அலாரிப்பு கோபுர வாயில். சதிசுரம் அர்த்தமண்டபம். சப்தம் மகாமண்டபம். வருணத்தில் இறைவனின் திருமுன் வந்துவிடுகின்றோம். பதங்கள் தொடங்கும்போது மேளமும் தீப வரிசையும் ஓய்ந்து, கருவறையின் குளிர்ச்சியிலும் அமைதியிலும் இறைவனுக்கு அணித்தே நிற்கும் நிலை. தில்லானா இறுதிக் கற்பூர ஆரத்தியின் ஆரவாரம். பின்னர், வெளியே கண்ட இறைவனை நெஞ்சிற்குள் வைத்துக்கொண்டு ஒரு சிறு விருத்தத்தோடு நிறைவு.

இனி நம் பிள்ளைகளின் அரங்கேற்றத்திற்குச் செல்லும்போது இவ்வுவமையை மனத்தில் கொண்டு பார்த்தால், மூன்று மணி நேரம் நீண்டதாகத் தோன்றாது. பதம் ஆடும் வேளையில் எழுந்து உணவுக்கூடத்திற்குச் செல்வதையும் தவிர்க்கலாம். கருவறை முன் சென்று நிற்காமல் கோபுரத்தோடு திரும்புவார் உண்டோ?

முன்வரிசையில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை காண்போம். பாட்டில்லாமல், அணியில்லாமல், தரையில் படுத்து எழும் அந்நடனத்தின் வேர் பெரும்பாலும் சந்திரலேகாவிடம் சென்று சேரும். 1928இல் பிறந்து 2006இல் மறைந்த அவர் முறையாகப் பரதம் பயின்று 1952இல் அரங்கேறியவர். பின்னர் நீண்டகாலம் மேடையை விட்டு விலகியிருந்து, 1985இல் “அங்கிகா” என்னும் படைப்போடு திரும்பினார். பரதத்தின் அடவுகளையும், யோகாசனங்களையும், கேரளத்துக் களரிப்பயிற்றையும் அருகருகே வைத்து, இவை யாவும் ஒரே உடல் அறிவின் கிளைகள் என்று காட்டினார். அரைமண்டியின் முக்கோணமும், நீட்டிய கையின் கோடும், தண்டுவடத்தின் நிமிர்வும் அணிகலனின்றியே அழகு என்பது அவர் துணிபு. 2001இல் உருவான “சரீரா” அவருடைய இறுதிப் படைப்பு. கடவுளர் கதையைச் சொல்லாத நடனத்தில் பக்தி எங்கே என்று வினவினோர் அன்றும் இருந்தனர். தில்லையின் கோபுர வாயில்களில் 108 கரணங்களைச் செதுக்கிய சிற்பியும் கதை எதனையும் சொல்லவில்லை. உடலின் நிலைகளையே செதுக்கினான் என்பது கருதத்தக்கது. அதற்காக இக்காலத்தில் “புதுமை” என்ற பெயரோடு வரும் அனைத்தையும் போற்ற வேண்டுவதில்லை. அரைமண்டியில் சரிவர அமராதவர் அரைமண்டியை மீறுவது புதுமையாகாது. பயிற்சிக் குறைவே ஆகும். இவ்வேறுபாட்டைப் பத்து நிமிடம் உற்றுப் பார்த்தாலே கண் அறிந்து கொள்ளும்.

மலேசிய, சிங்கப்பூர் மண்ணில் இவ்வரலாறு வேறொரு வண்ணம் கொண்டது. 1952இல் கே. பி. பாசுகர் சிங்கையில் தம் நடனப் பள்ளியை நிறுவினார். 1955இல் மணமகளாக இங்கு வந்த சாந்தா பாசுகர், 1958இலேயே சீனர்தம் புகழ்பெற்ற காதற்கதையான “வண்ணத்துப்பூச்சிக் காதலரை”ப் பரத நாட்டிய நாடகமாக்கினார். அண்டை வீட்டாரின் கதையை நம் முத்திரைகளால் சொல்லும் துணிவு, சிங்கை குடியரசாகும் முன்பே நம் கலைஞரிடம் இருந்தது. 2022இல் மறையும்வரை அவர் புதியன படைத்துக்கொண்டே இருந்தார். கொழும்பில் பிறந்து கலாட்சேத்திரத்தில் பயின்ற நீலா சத்தியலிங்கம் 1977இல் கணவருடன் அப்சராசு ஆர்ட்சைத் தொடங்கினார். கோலாலம்பூரில் 1981இல் சுவாமி சாந்தானந்த சரசுவதி “டெம்பிள் ஆப் பைன் ஆர்ட்சு” என்னும் கலைக்கோயிலை நிறுவினார். 1983இல் இராம்லி இப்ராகிம் “சூத்ரா” நடனக் குழுவைத் தொடங்கினார். ஆத்திரேலியாவில் பாலே ஆடிவந்த இம்மலாய்க் கலைஞர், அடையாறு இலட்சுமணனிடம் பரதமும் தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்றவர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. பூரி சகந்நாதரின் ஆடலை மலேசியர் பலர் முதன்முதலாகக் கண்டது இவர் மேடையில்தான்.

காட்சிக் கலைகளை நோக்கும்போது, முதலில் அவரவர் வீட்டுப் பூசையறையிலிருந்தே தொடங்குதல் நன்று.

பூசையறையில் தாமரைமேல் நின்ற கோலத்தில் இலக்குமி; வீணை ஏந்திய சரசுவதி. சேலையின் மடிப்பு, முகத்தின் ஒளியும் நிழலும், பின்னே தெரியும் நீர்நிலை அனைத்தும் நேரில் காண்பது போல் இருக்கும். இவ்வுருவங்கள் தொன்றுதொட்டு வந்தன என்றே நம்புகின்றோம். ஆனால் ஆகமச் சிற்பங்களில் அம்மையர் இவ்வாறு சேலையுடுத்துக் காட்சி தருவதில்லை. இவ்வுருவத்தை இந்தியர் மனத்தில் பதித்தவர் 1848இல் கிளிமானூரில் பிறந்த இராசா இரவிவர்மா. ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த அயல்நாட்டு ஓவியரின் கைவேலையைப் பார்த்தே அவர் பிடித்துக்கொண்டார் என்பர். 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் நிறுவி, செருமானியத் தொழில்நுட்பத்தால் தெய்வப் படங்களைப் பல வண்ணங்களில் அச்சிட்டு விற்றார். கோயிலுக்குள் நுழைய உரிமையில்லாதிருந்த எளிய மக்களின் குடிசைக்கும் அப்படங்கள் சென்று சேர்ந்தன. தெய்வத்தின் திருமுகம் முதன்முறையாக ஏழையின் சுவரில் ஏறியது! அந்நாளில் அது முற்றிலும் சமகாலக் கலை. அச்சுப் பொறி, அயல்நாட்டு வண்ணம், சந்தை என அனைத்தும் புதியவை. இன்றோ அதன்முன் நாம் கற்பூரம் காட்டுகின்றோம்.

அவர் வழியில் தமிழகத்தில் நின்றவர் கோவில்பட்டி கொண்டையராசு. நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை எழுதி வந்த ஓவியர் அவர். குழு கலைந்த பின்னர்க் கோவில்பட்டியிலேயே தங்கினார். அவரும் அவருடைய மாணாக்கரும் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாள்காட்டிகளாக வெளியிட்டன. அப்படங்களில் முருகனுக்குப் பின்னால் தெரியும் வளைவு மண்டபங்களையும் பளிங்குத் தூண்களையும் சற்று உற்றுப் பாருங்கள். அவை நாடக மேடையின் அரண்மனைத் திரையே. தீபாவளிக்கு மளிகைக்கடையில் கொடுத்த நாள்காட்டி ஆண்டு முடிந்ததும், தேதித்தாளை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டுப் படத்தைச் சட்டமிட்டு மாட்டிய இல்லங்கள் தோட்டப்புறங்களில் ஏராளம். 1976இல் மறைந்த கொண்டையராசின் பெயரை அவ்வில்லத்தாருள் எத்தனை பேர் அறிவர்?

இதற்கு எதிர்த்திசையில் நடந்தோரும் உளர். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எசு. பணிக்கர், 1966இல் தம் மாணாக்கருடன் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் “சோழமண்டலம்” என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தார். நிலம் வாங்கப் பொருள் எங்கிருந்து வந்தது? மலாய் உலகிற்கு உரிய பாத்தேக் முறையில், துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றி விற்ற கைத்தொழிலின் வருவாய் அதற்குப் பேருதவியாயிற்று. ஓவியம் விற்காத காலத்தில் பாத்தேக் அவர்களுக்குச் சோறு போட்டது.

பணிக்கரின் “சொற்களும் குறியீடுகளும்” என்னும் ஓவிய வரிசையைக் கண்டோர், “இதில் என்ன இருக்கிறது? கிறுக்கலாக அன்றோ உள்ளது?” என்பர். அவ்வோவியத்தில் கட்டங்கள் இருக்கும். எழுத்துப் போல் தோன்றி எழுத்தாகாத வரிகள் நெருக்கமாக ஓடும். மூலையில் ஒரு பறவையோ பாம்போ எட்டிப் பார்க்கும். சாதகக் கட்டத்தையும் ஓலைச்சுவடியையும் எந்திரத் தகட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இஃது அந்நியமாகத் தோன்ற நியாயமில்லை. தாயத்தினுள் சுருட்டி வைக்கும் செப்புத் தகட்டின் எழுத்துகளைப் படித்துப் பார்த்தா கட்டிக்கொள்கின்றோம்? பொருள் விளங்காவிடினும் அதன் முன் ஒரு மதிப்பும் அச்சமும் தோன்றுகின்றன அல்லவா? பணிக்கர் அந்த உணர்வைத்தான் துணியில் ஏற்ற முயன்றார். அவர் வழிவந்த சிற்பி பி. வி. சானகிராம் செப்புத் தகட்டை அடித்து முன்புறம் மட்டுமே காணத்தக்க சிற்பங்களைச் செய்தார். மூலவருக்குச் சாத்தும் கவசத்தை நினைத்துக் கொண்டால் அச்சிற்பங்களின் பிறப்பிடம் விளங்கிவிடும்.

பத்துமலையில் 2006 சனவரியில் திறப்பு விழாக் கண்ட முருகப்பெருமானின் திருவுருவையும் இங்குக் கருதலாம். 42.7 மீட்டர் உயரம். உள்ளே இரும்புக் கம்பியும் பைஞ்சுதையும். வெளியே பொன் வண்ணம். கல்லும் செம்பும் அன்று; கட்டட வேலைக்குரிய பொருள். ஆயினும் மலையேறும் அன்பர் எவரும் அதனைப் புதுமை என்று கூறித் தயங்கியதில்லை.

நாடகத்தைப் பற்றிச் சில சொற்கள். வடதமிழகத்தில் திரௌபதையம்மன் திருவிழாவின்போது பகலில் பாரதம் படிப்பதும் இரவில் தெருக்கூத்து நிகழ்த்துவதும் மரபு. முகவீணையும் மத்தளமும் ஒலிக்க, இருவர் பிடித்த திரையின் பின்னிருந்து வேடதாரி தன்னைச் சிறிது சிறிதாக வெளிப்படுத்திக் கொள்வார். இளங்கோவடிகளின் எழினிதான் அத்திரையாய்த் தெருவில் தங்கிவிட்டதோ என்று தோன்றும். படித்தவர் இக்கூத்தைப் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கி வைத்தனர். சிறுகதையாசிரியரான ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்டு வியந்து, தமிழனின் நாடகம் இதுவே என்று எழுதலானார். 1977இல் அவர் நிறுவிய கூத்துப்பட்டறை, நடிகரின் உடலையும் குரலையும் கூத்தின் வழியே பயிற்றுவித்தது. திரைப்படங்களில் நீங்கள் காணும் பசுபதியும் கலைராணியும் அப்பட்டறையில் உருவானவர்கள். புரிசைக் குழுவினரும் வாளாவிருக்கவில்லை. செருமானிய நாடகாசிரியர் பிரெக்டின் நாடகத்தையும் கூத்தாக்கி ஆடினர். முத்துசாமி 2018இல் மறைந்தார்.

சிங்கையில் சவுத் பிரிட்சு சாலை மாரியம்மன் ஆலயத்துத் தீமிதியும் இம்மரபின் கிளையே. தீமிதிக்கு முந்திய மாதங்களில் பாரத நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றும் சடங்காக நடைபெறுகின்றன. அருச்சுனன் தவமும் அரவான் களப்பலியும் அவற்றுள் அடங்கும். செரங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் அன்பர்கள் பூக்குழி வரை வருவது அக்கதையின் இறுதிப் பகுதி.

தமிழகத்து ஊர்களில் அருச்சுனன் தவக் கூத்தின்போது, வேடமணிந்த கலைஞர் பாடிக்கொண்டே உயர்ந்த தவமரத்தின் மீது ஏறுவார். விடியற்காலை, இரவெல்லாம் ஆடிய களைப்பு, தலையில் மரக்கிரீடம், தோளில் புயக்கட்டை. உச்சியை அடைந்ததும் அவர் எலுமிச்சம் பழங்களையும் திருநீற்றையும் பூவையும் கீழே வீசுவார். மகப்பேறு வேண்டி இரவு முழுதும் நோன்பிருந்த பெண்கள் மரத்தின் அடியில் ஈரப் புடவையோடு முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பழம் விழுந்த பெண் அதனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே அம்மன் சன்னிதிக்கு நடப்பாள். மரத்தின் மேலிருப்பவர் பக்கத்து ஊர் உழவர் என்பதும், நாளைக் காலை ஏர் பிடிக்கப் போகிறவர் என்பதும் அவளுக்குத் தெரியும்.

நிகழ்ச்சி தொடங்க நேரமாகிவிட்டது. பிள்ளைகள் சலங்கை கட்டிக் காத்திருக்கின்றனர்.